கரிகாற் பெருவளத்தான்: சிறையில் வளர்ந்த சிறுவன்

பத்துப்பாட்டுள் இரண்டு பாட்டுகளுக்குத் தலைவனாகும் பேறு சோழ வேந்தருள் ஒருவனுக்கே வாய்த்தது. பொருநராற்றுப்படையும் பட்டினப்பாலையும் அவனைப் பாடின. புறநானூற்றில் அவன் வெற்றியும் அவன் இறப்பும் பாட்டாயின. பரணர், மாமூலனார், நக்கீரர் ஆகியோர் அகப்பாடல்களுக்கிடையே அவனை உவமைகளில் எடுத்தாண்டனர். பிற்காலத்தார் அவனைக் கல்லணையோடு சேர்த்தே நினைப்பர். ஆனால் அவனுக்கு நிலைத்த பெயர் அணையால் வந்ததன்று, வெற்றியால் வந்ததுமன்று. தேரின் அழகாலும் வாளின் கூர்மையாலும் கொடையின் பெருமையாலும் வேந்தர்கள் பெயர் பெற்றிருந்த காலத்தில், இவன் ஒருவன் மட்டும் தன் உடம்பில் பட்ட தீப்புண்ணால் பெயர் பெற்றான். கரிகால் என்பது கரிந்த கால். பகைவர் கவர்ந்து சென்று அடைத்துவைத்த ஓர் இளைஞனின் கால் அது.

அவன் தந்தை உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னி. அழகிய பல தேர்களை உடையவன் என்பது அப்பெயரின் பொருள். பரணரும் பெருங்குன்றூர் கிழாரும் அவனைப் பாடியுள்ளனர். தொல்காப்பியத்துக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், இச்சென்னி அழுந்தூர் வேளிடத்தும் அவன் மகன் கரிகாலன் நாங்கூர் வேளிடத்தும் மகட்கொடை கொண்டனர் என்ற செய்தியைத் தருகிறார். அழுந்தூர் இன்றைய தேரழுந்தூர். நாங்கூர் சீர்காழிக்குக் கிழக்கே உள்ளது. வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே சென்றால் நாங்கூர் வரும். அதற்கும் அப்பால் புகார். கழிமுகத்துக்கும் காவிரிப்பூம்பட்டினத்துக்கும் நேர்த்தொலைவு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். கரிகாலனின் தாய்வழி உறவும் மனைவழி உறவும் இக்கடற்கரையை அடுத்த வேளிர் குடிகளோடு பிணைந்தவை என்பது இப்பகுதியார் நினைவிற்கொள்ள வேண்டிய ஒன்று.

தந்தை இறந்தபோது மகன் பிறக்கவில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அரசுரிமை அவனுக்கு வந்தது என்று பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார் கூறுகிறார். பிறவாத பிள்ளைக்கு வந்த உரிமையைக் காப்பார் யார், கவர்வார் யார் என்ற கேள்வி அன்றே எழுந்திருக்கும். கேள்வியின் விடையைப் பட்டினப்பாலை தருகிறது. அவன் பகைவர் காவலில் வளர்ந்தான்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் 301 அடிகளில் பாடிய பட்டினப்பாலையில் இச்சிறை வாழ்வுக்கு ஒதுக்கியவை பத்து அடிகளுக்கும் குறைவு. வளைந்த வரிகளையுடைய புலிக்குட்டி கூட்டுக்குள் அடைபட்டு வளர்வது முதல் உவமை. மரத்துக்குள் வயிரம் முற்றுவதுபோல அச்சிறைக்குள் அவன் பெருமிதம் முற்றியது. குழியில் வீழ்ந்த களிறு அக்குழியின் கரையைத் தன் கொம்பால் குத்திச் சரித்து, மண்ணை ஏணியாக்கி வெளியேறித் தன் பிடியைச் சேர்வது அடுத்த உவமை. பின்பு அவன் செய்த செயல்கள் விரைந்து வருகின்றன. நுணுகி ஆராய்ந்தான், பகைவரின் திண்ணிய காவலை ஏறிக் கடந்தான், வாளை உறையிலிருந்து உருவினான், முறைப்படி தனக்குரிய அரசுரிமையை அடைந்தான். அடைந்ததைக் கொண்டு மகிழ்ந்திருக்கவும் இல்லை என்று பாட்டு மேலே செல்கிறது.

இளையோர்க்கெனப் புனையப்படும் மர்ம நாவலுக்கு வேண்டிய அனைத்தும் இங்கு உள்ளன: கவர்ந்து செல்லப்பட்ட சிறுவன், உயர்ந்த மதில், இரவுக் காவல், உள்ளிருந்தே தீட்டப்பட்ட திட்டம். சாண்டில்யன் இக்காலத்தைக் களமாகக் கொண்டே யவன ராணி என்ற நெடுங்கதையை எழுதினார். நாவலாசிரியனுக்கு நூறு பக்கம் கொடுக்கும் நிகழ்ச்சியைக் கண்ணனார் இரண்டு விலங்குகளைக் காட்டி முடித்துவிட்டார். ஆயினும் அவ்விரண்டு உவமைகளும் வெறும் அணியல்ல. புலிக்குட்டி உவமை காலத்தைச் சொல்கிறது. கூட்டில் வளர்தல் ஒரு நாள் நிகழ்ச்சியன்று. குருளை புலியாகும் வரை அது நீளும். யானை உவமை வழியைச் சொல்கிறது. குழிக்குள் வீழ்ந்த யானையை எவரும் கைதூக்கி விடுவதில்லை. எந்த மண் தன்னைச் சிறைப்படுத்தியதோ அந்த மண்ணையே சரித்து அது வழியாக்குகிறது. தப்பித்த முறையைப் பற்றி அக்காலப் புலவர் ஒருவர் விட்டுச்சென்ற சான்று இது. இதில் வெளியுதவி இல்லை. தீயும் இல்லை.

தீயை நமக்குக் கொடுத்தவர் சில நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த முன்றுறை அரையனார். பழமொழி நானூற்றில் ஒரு செய்யுளில், சுடப்பட்டும் உயிர் பிழைத்த சோழன் மகன், பிடர்த்தலை என்பானின் துணையைப் பெற்றுப் பின்னாளில் குற்றமற்ற செங்கோல் செலுத்தினான் என்ற செய்தி வருகிறது. உயிருடையார் அடைய இயலாத செயல் இல்லை என்பதற்கு எடுத்துக்காட்டாக அவர் இதனைக் கூறினார். சிறைக்கூடத்துக்குப் பகைவர் தீயிட்டனர் என்பதும், தீயினூடே ஓடி வந்தபோது கால் கருகியது என்பதும், தாய்மாமனாகிய இரும்பிடர்த்தலையார் காத்து ஆளாக்கினார் என்பதும் இச்செய்யுளையும் கரிகால் என்ற பெயரையும் ஒன்றாக வைத்துத் தமிழுலகம் நெய்துகொண்ட வரலாறு. பொருநராற்றுப்படையின் இறுதியில் காணப்படும் பழைய வெண்பா ஒன்று கால் நெருப்புற்றதை வெளிப்படையாகவே கூறும். மூவுலகையும் அளக்க நீட்டிய கால், தீயுண்டமையால் இந்த ஓர் உலகை மட்டும் அளந்து நின்றுவிட்டது என்பது அதன் கருத்து. உடற்குறையைத் திருமாலின் அடியோடு வைத்துப் பாடிய அப்பெயர் தெரியாப் புலவரின் துணிவு பாராட்டத்தக்கது.

இரும்பிடர்த்தலையார் என்ற பெயர் தனியே நோக்கத்தக்கது. அவர் பாடியதாகக் கிடைப்பது புறநானூற்றின் மூன்றாம் பாட்டு. அது பாண்டியன் கருங்கை ஒள்வாட் பெரும்பெயர் வழுதியைப் பற்றியது. யானையின் கரிய பெரிய பிடரியின்மீது அவ்வழுதி வீற்றிருப்பதைப் பாடிய தொடரே புலவருக்குப் பெயராயிற்று. சோழச் சிறுவனின் மாமன் பாண்டியனைப் பாடியவர் என்பது, அக்காலத்தில் அரச குடிகளுக்கிடையே ஒரு புலவர் எவ்வளவு தடையின்றிச் சென்றுவந்தார் என்பதைக் காட்டுகிறது. நாடு இழந்த சிறுவனுக்கு அப்படிப்பட்ட ஒருவரைவிடத் தக்க காவலர் கிடைத்திருக்க மாட்டார். யானையின் பிடரியோ இக்கதையில் மீண்டும் ஒருமுறை வருகிறது. கழுமலத்தில் கட்டப்பட்டிருந்த களிறு கருவூரில் இருந்த விழுமியோனைத் தேடிச் சென்றது என்பது பழமொழியின் மற்றொரு செய்யுள். பட்டத்து யானை தானே அரசனைத் தேர்ந்து தன் பிடரியில் ஏற்றிக்கொண்டு வந்தது என்று மரபு இதனை விரித்து, அவ்விழுமியோன் கரிகாலனே என்றும் கூறும். செய்யுளில் பெயர் இல்லை. கழுமலம் சீர்காழியின் பன்னிரு பெயர்களுள் ஒன்றாதலின் நம் பகுதியார்க்கு அக்கதையில் உரிமை கொண்டாட ஆசை எழுவது இயல்பே. ஆனால் சங்கப் பாட்டில் வரும் கழுமலத்தைச் சேரர் எல்லைப் பக்கத்து ஊராகக் கொள்ளும் ஆய்வாளரும் உளர்.

நரைமுடி அணிந்த கதையும் இவ்வாறே. இளையவன் வழக்கின் முடிவைக் காணமாட்டான் என்று ஐயுற்ற முதியோர் முன்னிலையில், சோழன் ஒருவன் நரைமயிரை அணிந்து முதியவனாகத் தோன்றி முறை வழங்கினான் என்று பழமொழி கூறும். மணிமேகலையும் இதனைக் குறிப்பிடுகிறது. பொருநராற்றுப்படையில் முதியோர் அவைக்குள் புகுந்து பகைமை தீர்வதைச் சொல்லும் இடத்துக்கு உரையாசிரியர் இக்கதையைப் பொருத்துகிறார். நிகழ்ச்சி கரிகாலனுடையதே எனக் கொண்டால், சிறுவனாகச் சிறைப்பட்டவன் சிறுவனாகவே அரியணை ஏறினான் என்பது தெளிவாகும். பகைவர்க்குப் பின் அவன் வெல்ல வேண்டியிருந்தவை தன் நாட்டுப் பெரியோரின் ஐயங்களே.

அவன் பெயருக்குப் பிற்காலத்தார் செய்தது ஒன்றை இங்குச் சொல்லாமல் விடுவதற்கில்லை. கரி என்றால் யானை, காலன் என்றால் எமன். ஆகவே பகைவர் யானைகளுக்கு எமன் என்று வடமொழி வழியில் ஒரு விளக்கம் எழுந்தது. கலிக்குக் காலன் என்று கூறியோரும் உளர். மாமன்னன் ஒருவன் பெயரில் உடற்குறை இருத்தலாகாது என்ற எண்ணமே இவ்விளக்கங்களின் ஊற்று. சங்கப் பாட்டுகளில் அப்பெயர் கரிகால் என்று வருகிறது. வளவன் என்ற சொல்லோடு சேரும்போதும் கரிகால் வளவன் என்றே வருகிறது. காலன் என்ற ஈறு பின்னர் ஒட்டியது. ஈறே இல்லாத பெயரிலிருந்து எமனைக் கொண்டுவருவது எவ்வாறு பொருந்தும்? கே. ஏ. நீலகண்ட சாத்திரியாரும் கருகிய கால் என்ற பொருளையே ஏற்றார். அவனைப் போற்றிய பரணர் காலத்துத் தமிழர் கருகிய காலைப் பெயராகச் சொல்ல நாணவில்லை. நாணியவர் அவனைக் கண்டிராதவர்.

இதற்கு எதிராக ஒரு சான்று காட்டப்படலாம். கருங்குழலாதனார் புறநானூற்றின் ஏழாம் பாட்டில் அவன் உருவத்தை முறையாக வருணிக்கிறார்: களிற்றைச் செலுத்திய தாள், கழல் உராய்ந்த அடி, அம்பு தொடுத்தும் கொடைக்குக் கவிந்தும் நிற்கும் கை, வில், மார்பு. அடிக்கு அவர் தந்த அடைமொழி திருத்தமுற்றது என்னும் பொருளது. கருகிய கால் எவ்வாறு திருத்தமுற்றதாகும்? வேந்தரைப் பாடும் மரபுத்தொடர் என்று இதனைக் கடந்துவிடலாம். ஆனால் ஆதனார் சொல்லை வீணாக்குபவர் அல்லர். யானையைச் செலுத்தியதும் கழலால் தேய்ந்ததும் ஆகிய அந்தக் கால் செய்ததை எண்ணியே அவர் அதனைத் திருத்தமானது என்றார் எனக் கொள்வதில் தடையில்லை.

அதே பாட்டில்தான் வேறொன்றும் இருக்கிறது. பகலும் இரவும் எண்ணாமல் பகைவர் நாட்டுக்குள் புகுகிறாய், அவர்கள் ஊர் எரியும் வெளிச்சத்தில், அவர்கள் அழுது கூவும் ஓசைக்கிடையே, கொள்ளை கொள்வதை விரும்புகிறாய் என்று ஆதனார் அரசனை நேர்நின்று கூறுகிறார். ஆகவே நல்ல பொருள்கள் அந்நாடுகளில் இல்லாது போயின என்று முடிக்கிறார். தீயில் அகப்பட்டு உயிர் பிழைத்த சிறுவன் வளர்ந்து பிறர் ஊர்களுக்குத் தீயிட்டான். இதனைப் புகழ்ச்சி என்று உரையாசிரியர் கொள்வர்; துறையும் அப்படியே வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் எரியும் ஊரின் வெளிச்சத்தைப் பாடியவர் அழுகுரலை விட்டுவிட்டிருக்கலாம், அவர் விடவில்லை. பட்டினப்பாலையும் அவன் சினத்தால் பாழ்பட்ட மருதநிலங்களை வரிசையாகக் காட்டுகிறது. தாமரை பூத்த வாவிகள் வறண்ட இடத்தில் மான் துள்ளுகிறது. விருந்தினர் உண்ட மாளிகைகளில் கூகை குழறுகிறது. விழா நடந்த மன்றங்களில் பேய் உலவுகிறது. கூட்டில் வளர்ந்த புலி கூட்டைவிட்டு வெளியே வந்தபின் நிகழ்ந்தவை இவை. கரிகாலனின் பெருமையைப் பேசும் நூல்கள் பல இவ்விடத்தில் வேகமாக நடந்துவிடுகின்றன. சங்கப் புலவர் அவ்வாறு நடக்கவில்லை.

அவனை வேந்தனாக நிலைநிறுத்திய போர் வெண்ணியில் நடந்தது. நீடாமங்கலத்தை அடுத்த கோயில்வெண்ணியே அவ்வூர். பனம்பூ அணிந்த சேரனையும் வேப்பம்பூ அணிந்த பாண்டியனையும் ஒரே களத்தில் அவன் வென்றான் என்பது பொருநராற்றுப்படை. பால் குடிக்கும் பருவம் நீங்காத ஆளிக்குட்டி தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்றதுபோல என்று கண்ணியார் அவ்வெற்றிக்கு உவமை தந்தார். வேந்தரோடு பதினொரு வேளிரும் அங்குத் தோற்றனர் என்று பரணர் அகநானூற்றில் கூறுகிறார். வாகைப் பறந்தலையில் ஒன்பது மன்னர் பகற்பொழுதிலேயே தம் குடைகளை இழந்து ஓடியதையும் அவரே பாடினார்.

வெண்ணியில் கரிகாலன் எறிந்த வேல் சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பைத் துளைத்து முதுகில் புண் செய்தது. புறப்புண் நாணிச் சேரன் வாளோடு வடக்கிருந்து உயிர்விட்டான். அச்செய்தியைக் கேட்டுச் சான்றோர் பலர் அவனோடு உயிர் துறந்தனர் என்று மாமூலனார் கூறுவார். கழாஅத்தலையார் இரங்கிப் பாடினார். ஆனால் இவர்கள் எவரும் செய்யாததை அவ்வூர்க் குயத்தி ஒருத்தி செய்தாள். வெண்ணிக்குயத்தியார் என்பது அவள் பெயராக நமக்குக் கிடைப்பது. அவள் பாட்டு வென்றவனை நோக்கியது. கடலில் கலம் செலுத்திக் காற்றையே ஏவல் கொண்ட மரபினன் நீ என்று தொடங்கிக் களத்தில் வென்றவன் நீதான் என ஒப்புக்கொண்டு, புறப்புண் நாணி வடக்கிருந்து பெரும்புகழ் அடைந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லனோ என்று கேட்டு நிறுத்தினாள். மட்கலம் வனைந்தவள், தன் ஊரில் இரத்தம் உலருமுன், வாகை சூடியவன் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வி அது. அப்பாட்டு அழிக்கப்படாமல் புறநானூற்றில் 66ஆம் பாட்டாக நிற்கிறது. புண்ணைப் பற்றிய கேள்வி புண்ணைப் பெயராகக் கொண்டவனிடம் கேட்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால் பாட்டின் கூர்மை இன்னும் மிகும். சேரன் தன் புண்ணை மறைக்க உயிரைக் கொடுத்தான். சோழன் தன் புண்ணோடு வாழ்ந்தான்.

வெற்றிக்குப் பின் அவன் ஆட்சி வடக்கே விரிந்தது. தொன்மையான அருவாளர் அவன் ஏவலைக் கேட்டனர் என்கிறது பட்டினப்பாலை. சோழநாட்டுக்கு வடக்கே, பெண்ணையாற்றுப் பகுதியை உள்ளிட்டது அருவாநாடு என்பது ஆய்வாளர் கருத்து. கடலூருக்கு அண்மையிலுள்ள காரைக்காட்டு அகழாய்வில் மேலைநாட்டுச் சாடித் துண்டுகளும் சக்கர வரிகொண்ட மட்கலத் துண்டுகளும் கிடைத்தமையால், புகாரைப் போலவே இக்கடற்கரையும் அக்காலக் கடல் வாணிகத்தில் பங்கு கொண்டிருந்தது என்பது உறுதி. ஒளியர் பணிந்தனர், குடவர் சோர்ந்தனர், தென்னவன் திறல் கெட்டது, இருங்கோவேளின் கிளை அழிந்தது. சிலப்பதிகாரம் இன்னும் மேலே சென்று அவனை இமயம் வரை அனுப்பி, வச்சிர நாட்டார் பந்தரும் மகத நாட்டார் பட்டிமண்டபமும் அவந்தி நாட்டார் தோரண வாயிலும் தந்ததாகப் பாடும். காவியம் தன் நகருக்கு அணி செய்துகொள்ளும் முறை அது.

அழித்தவனே ஆக்கினான் என்பதையும் கண்ணனாரே பாடினார். காடுகளைத் திருத்தி நாடாக்கினான். குளங்களை வெட்டி வளம் பெருக்கினான். குடிகளை நிலைபெறச் செய்தான். உறந்தையைப் பற்றி அவ்விடத்தில் வரும் தொடருக்கு, அந்நகரை விட்டு நீங்கினான் என்றும் விரிவாக்கினான் என்றும் இருவகையாகப் பொருள் கொள்வர். காவிரிக்குக் கரை கட்டியதும் கல்லணை எழுப்பியதும் சங்கப் பாட்டில் இல்லை. தெலுங்குநாட்டு இரேநாட்டுச் சோழன் புண்ணியகுமாரனின் மாலேபாட்டுச் செப்பேடு காவிரியின் பெருக்கைக் கட்டுப்படுத்தியவனாகக் கரிகாலனைத் தன் முன்னோனாகக் கூறுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடும் கலிங்கத்துப்பரணியும் அதனை வழிமொழிகின்றன. ஆயிரம் அடிக்கு மேல் நீண்டு, வளைந்து, ஆற்றுமணலில் கல்லை அமிழவிட்டு எழுப்பிய கல்லணையின் நுட்பத்தை 19ஆம் நூற்றாண்டில் ஆர்தர் காட்டன் ஆராய்ந்து வியந்தார். அவர் கொள்ளிடத்தில் 1836இல் எழுப்பிய அணைக்கரைக் கீழணையிலிருந்து வரும் நீரே வடவாற்றின் வழியாக வீராணத்தை நிரப்பிச் சிதம்பரம் வட்டத்து வயல்களில் பாய்கிறது. கரிகாலன் பெயரால் அறியப்படும் அணையின் படிப்பினை நம் வயல்களுக்கு வந்துசேர்ந்த வழி இது.

கரை கட்டிய கைகள் யாருடையவை என்பதற்குச் சிங்கள நூலாகிய இராசாவலிய ஒரு செய்தி தருகிறது. சோழமன்னன் ஒருவன் ஈழத்திலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துச் சென்றான் என்றும், கயவாகு படையெடுத்து அவர்களை மீட்டான் என்றும் அது கூறும். அந்நூல் மிகப் பிற்பட்டது. கரிகாலன் பெயரும் அதில் இல்லை. வரலாற்றாசிரியர் சிலரே அச்சோழனைக் கரிகாலனாகக் கொண்டு, காவிரிக்கரை வேலையோடு அதனை இணைத்தனர். இணைப்பு உறுதிப்படாதது. உறுதிப்படுமாயின், பிறர் சிறையில் வளர்ந்தவன் பிறரைச் சிறைகொண்ட கதையாக அது முடியும்.

தெலுங்குச் சோழரின் கல்வெட்டுகளில் அவன் கால் மீண்டும் வருகிறது. காவிரிக்குக் கரை கட்ட வருமாறு அழைத்தும் வராத திரிலோசனன் என்ற மன்னனின் நெற்றிக்கண்ணைத் தன் திருவடித் தாமரையால் அவித்தவன் என்று அவர்களின் மெய்க்கீர்த்தி கரிகாலனைப் போற்றும். தீயால் கருகிய கால், தீயைக் கக்கும் கண்ணை மிதித்து அணைத்ததாகக் கதை திரும்பிவிட்டது. மக்கள் அவன் காலை மறக்க விரும்பவில்லை. அதன் கருமையைத்தான் வேறு வேறு வகையாகக் கழுவிப் பார்த்தனர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவன் காலைக் காட்டும் ஓர் இடம் பொருநராற்றுப்படையில் உள்ளது. முடத்தாமக்கண்ணியார் பெயரின் முதற்சொல் ஊனத்தை நினைவூட்டினும், முடம் என்பது அங்கு வளைவு. வளைந்த மாலை என்றே கொள்வது பொருந்தும். பசித்து வந்த பொருநன் அரண்மனை வாயிலில் விடியற்காலையில் தடாரிப் பறையைக் கொட்டுகிறான். வேர்வை நனைத்து, இழை கிழிந்து, தைத்துத் தைத்து உடுத்த கந்தலை நீக்கிவிட்டுப் பாம்பின் உரிபோன்ற மெல்லிய ஆடையைத் தருகிறார்கள். புழுங்கிய இறைச்சியையும் சோற்றையும் நாள்தோறும் தின்று தின்று, கொல்லை உழுத கலப்பையின் கொழுப்போலப் பற்கள் மழுங்கிவிடுகின்றன. ஊருக்குப் போக வேண்டும் என்று பொருநன் மெல்லக் கேட்கிறான். அரசன் வருந்துகிறான். பின்பு யானைகளும் பரிசிற் பொருள்களும் தந்து, பால்நிறக் குதிரைகள் நான்கு பூட்டிய தேரில் ஏறச் சொல்லி, ஏழடி பின்னே நடந்து வந்து வழியனுப்புகிறான். தேரிலும் யானையிலும் செல்லும் வேந்தன் தன் காலாலேயே நடந்தான் என்பதைப் புலவர் விளங்கச் சொல்கிறார். அக்கால் கருகியது என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே, கரிகால் என்ற பெயரை அறிந்த கேட்போர் அனைவரும் அந்த ஏழடியை எண்ணியிருப்பர். தூணை ஒத்த தோளையோ வேலையோ அவர் அவ்விடத்தில் பாடவில்லை; ஏழடியைப் பாடினார். அவன் கொடையின் அளவைக் கூறுவதற்கு அதைவிட வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

கண்ணனாருக்கு அவன் பதினாறு நூறாயிரம் பொன் தந்தான் என்பதைக் கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார் கூறுகிறார். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுள் புகுந்து உறந்தையையும் தஞ்சையையும் இடித்துத் தள்ளியபோது, கண்ணனாருக்குக் கரிகாலன் அளித்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு கூறும். படையெடுத்து வந்த பாண்டியனும் பட்டினப்பாலைக்கு முன் நின்றுவிட்டான். இன்று அம்மண்டபம் இல்லை, பாட்டு இருக்கிறது. அப்பாட்டை உள்ளடக்கிய பத்துப்பாட்டை ஏடுகளிலிருந்து தேடி 1889இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையருக்குத்தான் இக்காலத்தார் கரிகாலனை அறிந்ததற்கு நன்றி கூறவேண்டும்.

அவன் குடும்பத்தைப் பற்றிக் கிடைப்பது சிறிது. ஆதிமந்தி அவன் மகள் என்பது சிலப்பதிகாரம். கழார்த் துறையில் நடந்த புதுப்புனல் விழாவில், கரிகாலன் சுற்றத்தோடு கண்டிருக்க, ஆடல் வல்ல ஆட்டனத்தி நீரில் ஆடினான். காவிரி அவனைக் கொண்டு சென்றது. பரணரின் அகப்பாட்டு இக்காட்சியைக் காட்டுகிறது. ஆதிமந்தி கணவனைத் தேடிக் கரைவழியே அரற்றிக்கொண்டு ஓடினாள். கடல்வரை ஓடிய அவளுக்குக் கடல் அவனைத் திருப்பித் தந்தது என்று இளங்கோவடிகள் முடித்து வைத்தார். காவிரியை அடக்கியவன் எனப் பின்னோர் புகழ்ந்தவன் கண்முன்னேதான் அந்நீர் அவன் மருகனைக் கவர்ந்தது.

கரிகாலன் மறைந்தபோது முன்பு அவன் தீயையும் அழுகுரலையும் பாடிய அதே கருங்குழலாதனார் இருந்தார். அவன் பகைவர் அரணை அழித்ததையும், பாணர் சுற்றத்தை உண்பித்ததையும், பருந்து வடிவ வேள்விக்களத்தில் நெடிய தூண் நிறுத்தி வேள்வி செய்ததையும் நினைவுகூர்ந்தார். அறியத்தக்கவற்றை அறிந்தவன் இறந்துவிட்டான், அவனை இழந்த இவ்வுலகம் இரங்கத்தக்கது என்றார். அணி களைந்து நிற்கும் அவன் மனைவியரைப் பார்த்தார். கோடைக்காலத்தில் ஆநிரைக்குத் தழை வேண்டிக் கோவலர் வாளால் கொய்துவிட்ட வேங்கைமரம் அவருக்குத் தோன்றியது. பூவும் இல்லை, கிளையும் இல்லை, தழையும் இல்லை. மரம் மட்டும் நின்றது.